20 வயதில் கைக்கு வந்த தோல் பந்து: யார்க்கர் நடராஜன் ஊருக்குத் திருப்பிக் கொடுத்தது என்ன?

சென்னையிலிருந்து திருச்சி போகும் பஸ் உளுந்தூர்பேட்டையைத் தொடும்போது, வலது பக்கம் ஒரு நெடுஞ்சாலை பிரியும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி வழியாக சேலம் போகிற சாலை. சேலத்தையும் தாண்டி, தாரமங்கலம் பக்கமாக இன்னும் கொஞ்ச தூரம் போனால் சின்னப்பம்பட்டி. நம்ம ஊர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடக்கும்போது, யாராவது ஒரு பையன் காலடியில் பந்தை இறக்கி ஸ்டம்ப்பைப் பெயர்த்தால், பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லும் பெயர் அந்த ஊர்க்காரருடையதுதான். "டேய், நடராஜன் மாதிரி போடுறான்டா!"

தங்கராசு நடராஜன். இந்தியாவுக்காக அவர் ஆடியது 1 டெஸ்ட், 2 ஒருநாள், 4 டி20. முதல் சர்வதேசப் போட்டி 2020 டிசம்பர் 2-ம் தேதி. 2025 ஐபிஎல் வரை பார்த்தால், அவரது கடைசி சர்வதேசப் போட்டி 2021 மார்ச் 28-ம் தேதி. இடையில் நாலு மாதம்கூட இல்லை.

ஆனால் அவர் ஊரில் கட்டிய மைதானம் அப்படி நாலு மாதத்தில் முடிகிற விஷயம் இல்லை. அது ஏன் முக்கியம்? டென்னிஸ் பந்தில் கலக்கும் ஒரு பையனுக்கும், இந்திய அணிக்கும் நடுவில் அப்படி என்னதான் இருக்கு? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

சின்னப்பம்பட்டியிலிருந்து சென்னைக்கு: நடந்தது என்ன?

1991-ல் பிறந்தவர் நடராஜன். அப்பா விசைத்தறித் தொழிலாளி. அம்மா சாலையோரம் சிக்கன் கடை நடத்தியவர். வீட்டில் ஐந்து பிள்ளைகள். கிரிக்கெட் கிட் வாங்குவதெல்லாம் அந்த வீட்டில் பேச்சுக்கே வராத செலவு. அவர் ஆடியது முழுக்க டென்னிஸ் பால் கிரிக்கெட்.

அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ்தான் பையனின் திறமையைக் கண்டுபிடித்து, சென்னைக்குப் போகச் சொல்லி வழிகாட்டியவர். நடராஜன் பின்னாளில் டிஎன்பிஎல்லில் ஆடியபோது ஜெர்சியின் முதுகில் 'ஜேபி நட்டு' என்று போட்டுக்கொண்டது அவருக்காகத்தான். ஜேபி என்றால் ஜெயப்பிரகாஷ்.

சென்னை லீக்கில் அவர் முதலில் ஆடியது நாலாவது டிவிஷன், 2010-11 சீசனில் பிஎஸ்என்எல் அணிக்காக. அப்போது வயது 20-ஐ நெருங்கிவிட்டது. மற்ற பையன்கள் 14 வயதுக்குட்பட்டோர், 16 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர் என்று ஒவ்வொரு படியாக ஏறி வரும் வயதில், இவர் தோல் பந்தை முறையாகக் கையில் எடுக்கவே ஆரம்பிக்கிறார். அங்கிருந்து விஜய் கிரிக்கெட் கிளப், பிறகு முதல் டிவிஷனில் ஜாலி ரோவர்ஸ். 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சி அறிமுகம்.

அடுத்த அடி உடனே விழுந்தது. அவரது பந்துவீச்சு முறை மீது சந்தேகம் எழுப்பப்பட்டது.

'மாங்கா' என்றால் என்ன? ஏன் அது பிரச்சினை?

நம்ம தெரு கிரிக்கெட்டில் இதற்கு ஒரே வார்த்தைதான்: மாங்கா. "மாங்கா அடிக்கிறான்பா, நோ பால்!" என்று கத்தாத மைதானமே கிடையாது. மாங்காய் மரத்தில் கல் எறிவதுபோல முழங்கையை மடக்கி, நீட்டி எறிவது. கிரிக்கெட் விதிப்படி பந்தை எறியக் கூடாது, வீச வேண்டும். கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்தை விடும் வரை முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது ஐசிசியின் வரம்பு. கண்ணால் பார்த்து இதைத் துல்லியமாக அளக்க முடியாது. சந்தேகம் வந்தால் கேமராக்கள் வைத்த ஆய்வகத்தில்தான் அளப்பார்கள்.

டென்னிஸ் பால் டோர்னமென்ட்டில் இதை யாரும் அளப்பதில்லை. அம்பயர் நிற்பதே எதிரணிப் பையனாகத்தான் இருக்கும். அதனால் 10 வயதில் முழங்கையில் ஒட்டிக்கொண்ட ஒரு சின்னக் கோணல், 20 வயது வரை யார் கண்ணிலும் படாமல் கூடவே வரும். பெரிய மேடைக்குப் போன பிறகுதான் சிக்கும். அப்போது அதைத் திருத்துவது, 20 வருடம் வலது கையால் எழுதியவரை இடது கைக்கு மாற்றுவது மாதிரி.

நடராஜன் அதைச் செய்தார். சுனில் சுப்பிரமணியம் உள்ளிட்ட முன்னாள் தமிழக வீரர்கள் உதவினார்கள். கையை மட்டும் தனியாகத் திருத்த முடியாது. ஓடிவரும் விதம், குதிப்பு, தோள் திரும்பும் கோணம் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு பந்துவீச்சு. எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு மறுபடி பூட்ட வேண்டும். வருமானம் இல்லாத வீட்டில், ஆட்டமும் இல்லாமல், "இவன் எறியுறான்" என்ற பேச்சையும் சுமந்துகொண்டு இதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். பல பேர் இந்த இடத்தில்தான் கிரிக்கெட்டை விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள்.

அவர் திரும்பி வந்தது 2016 டிஎன்பிஎல்லில், திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக. அந்தத் தொடரில் யார்க்கர்தான் அவர் அடையாளம் ஆனது. அடுத்த ஆண்டு ஐபிஎல் ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம் ரூபாய். பஞ்சாப் அணி எடுத்த விலை 3 கோடி.

டென்னிஸ் பால் யார்க்கரைக் கற்றுக்கொடுக்குமா?

ஓரளவுக்கு ஆமாம்.

நம்ம ஊர் டோர்னமென்ட்டை நினைத்துப் பாருங்கள். எல்லைக்கோடு பக்கத்திலேயே இருக்கும். ஒரு பக்கம் கம்பி வேலி, இன்னொரு பக்கம் கரும்பு வயல். எட்டு ஓவர் மேட்ச். பேட்ஸ்மேன் முதல் பந்திலிருந்தே சுற்றுவார். டென்னிஸ் பந்து தரையில் பட்டால் நன்றாக எழும்பும். கொஞ்சம் ஷார்ட்டாகப் போட்டால் சிக்ஸர். லெங்த்தில் போட்டாலும் தூக்கிவிடுவார்கள். தப்பிக்க ஒரே இடம், பேட்ஸ்மேனின் கால் விரல். ஆகவே டென்னிஸ் பால் பவுலர் சின்ன வயதிலிருந்தே அந்த ஒரு இடத்தைத் தேடித் தேடிப் போடுகிறார். வருடக்கணக்கில்.

ஆனால் அதே கை தோல் பந்தை எடுக்கும்போது கணக்கு மாறுகிறது. ஒரு டென்னிஸ் பந்தின் எடை சுமார் 58 கிராம். நம்ம பையன்கள் 'ஸ்டிட்ச் பால்' என்று சொல்லும் கிரிக்கெட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கைக்கு இது புது வேலை. தையலை எந்த விரலில் பிடிப்பது, மணிக்கட்டை எப்படி நிறுத்துவது, புதுப் பந்து ஸ்விங் ஆகும்போது எங்கே குத்துவது, பழைய பந்தை எப்படிப் பராமரிப்பது என்று டென்னிஸ் பந்து கற்றுத்தராத பாடங்கள் நிறைய. இரண்டு ஓவருக்குப் பழகிய உடம்பு, ஒரு நாளில் 15 ஓவர் போட வேண்டியும் வரும்.

நடராஜனுக்கும் உடம்பு பலமுறை தடுத்தது. 2017-ல் பஞ்சாபுக்காக 6 ஆட்டம், 2 விக்கெட். முழங்கையில் பிரச்சினை. 2018-ல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஐபிஎல்லில் ஒரு ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. இரண்டு சீசன் பெஞ்சில்.

அந்த நாலு மாதம்

2020 ஐபிஎல்லில்தான் கதவு முழுசாகத் திறந்தது. 16 ஆட்டம், 16 விக்கெட். அந்தத் தொடரில் அதிக யார்க்கர் வீசியவர் அவர்தான். நவம்பர் 6-ம் தேதி அபுதாபியில் நடந்த எலிமினேட்டரில் ஏபி டிவில்லியர்ஸின் ஸ்டம்ப்பைப் பெயர்த்த பந்து, பல பேர் போனில் ஸ்டேட்டஸாக ஓடியது.

அங்கிருந்து நேராக ஆஸ்திரேலியா. போனது வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக. அதாவது, மெயின் வீரர்கள் பேட்டிங் பழகுவதற்கு பந்து போடும் வேலை. பிறகு ஒவ்வொருவராகக் காயமடைய, இவருக்கு இடம் கிடைத்தது. டிசம்பர் 2, கான்பெராவில் ஒருநாள் அறிமுகம். டிசம்பர் 4, அதே மைதானத்தில் டி20 அறிமுகம், 30 ரன்னுக்கு 3 விக்கெட். 2021 ஜனவரி 15, பிரிஸ்பேனில் டெஸ்ட் அறிமுகம், முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட். அதில் ஒன்று சதமடித்த லபுஷேன். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை கிரிக்கெட்டிலும் அறிமுகமான முதல் இந்தியர் இவர். 1988-க்குப் பிறகு காபா மைதானத்தில் ஆஸ்திரேலியா தோற்ற முதல் டெஸ்ட்டும் அதுதான்.

இத்தனையும் நடந்தபோது, ஐபிஎல் சமயத்தில் பிறந்த மகளை அவர் இன்னும் நேரில் பார்த்திருக்கவில்லை. ஊருக்குத் திரும்பியபோது சின்னப்பம்பட்டி மக்கள் குதிரை வண்டியில் ஏற்றி, மேளதாளத்தோடு அழைத்துப்போனார்கள்.

மார்ச் 28, புனே. இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டி. கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும். சாம் கரன் 90-களில் நிற்கிறார். பந்து நடராஜன் கையில். கொடுத்தது 6 ரன். இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது, தொடரையும்.

அடுத்த மாதமே முழங்காலில் அறுவை சிகிச்சை. ஐபிஎல்லில் பிறகு நன்றாகவே ஆடினார். 2022-ல் 11 ஆட்டத்தில் 18 விக்கெட், 2024-ல் 14 ஆட்டத்தில் 19 விக்கெட். 2025-க்கு டெல்லி அவரை 10.75 கோடிக்கு எடுத்தது, ஆனால் ஆடியது இரண்டே ஆட்டம். இந்திய அணியின் கதவு மட்டும் அந்த புனே ஓவருக்குப் பிறகு திறக்கவில்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். டெஸ்ட் ஆடும்போது அவருக்கு வயது 29. தோல் பந்தை 20-ல் தொடங்காமல் 12-ல் தொடங்கியிருந்தால்? முழங்கைக் கோணலை 13 வயதில் யாராவது திருத்தியிருந்தால்? பதில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியை நடராஜன் தன் ஊர்ப் பையன்களுக்காக எடுத்துக்கொண்டார்.

மைதானம் வந்த கதை

2017 ஐபிஎல் பணம் வந்த பிறகு, ஜெயப்பிரகாஷோடு சேர்ந்து ஊரில் ஒரு அகாடமியைத் தொடங்கினார். அப்போது அவர் இந்திய வீரர் இல்லை. ஐபிஎல்லிலேயே இடம் நிச்சயமில்லாத பவுலர்.

அதன் பலன் வெளியே தெரிந்தது 2019-ல். டிஎன்பிஎல் இறுதிப்போட்டியில் சேப்பாக் சூப்பர் கில்லீஸுக்காக ஜி.பெரியசாமி என்ற வேகப்பந்து வீச்சாளர் 15 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்து கோப்பையை வாங்கிக் கொடுத்தார். எதிரணி, நடராஜனை உலகுக்குக் காட்டிய அதே திண்டுக்கல். பெரியசாமியும் சின்னப்பம்பட்டிக்காரர்தான். நடராஜனின் கைப்பிடித்து வந்தவர்.

ஒரு சின்ன ஊரிலிருந்து ஒருவர் வந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். அடுத்தவரும் வந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் போனவர் வழியைத் தெரிந்து வைத்திருக்கிறார். எந்த கிளப்பில் யாரைப் பார்க்க வேண்டும், சென்னையில் எங்கே தங்க வேண்டும், எந்த வலியோடு ஆடலாம், எந்த வலியோடு ஆடவே கூடாது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அனுபவப்பட்டவர் சொன்னால்தான் உண்டு.

2021 டிசம்பரில், இந்தியாவுக்கு அறிமுகமான ஓராண்டு நிறைவில், ஊரில் முழு வசதியோடு மைதானம் அமைக்கப்போவதாக நடராஜன் அறிவித்தார். 2023 ஜூன் 23-ம் தேதி 'நடராஜன் கிரிக்கெட் கிரவுண்ட்' திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் தினேஷ் கார்த்திக். முறையான ஆடுகளம், வலைப்பயிற்சி இடம், உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் ஒரே இடத்தில். சேலம் டவுனுக்கு பஸ் ஏறாமல், 12 வயதுப் பையன் சைக்கிளில் போய் தோல் பந்தைத் தொட முடிகிற தூரத்தில்.

பயிற்சியாளருக்குப் பெரிய ரெக்கார்டு வேணுமா?

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பழைய பதில் இருக்கு. டி.ஏ.சேகர். 1983 ஜனவரியில் பாகிஸ்தான் மண்ணில் டெஸ்ட் அறிமுகமான சென்னை வேகப்பந்து வீச்சாளர். 2 டெஸ்ட் ஆடினார். விக்கெட் பூஜ்யம். ரெக்கார்டு புத்தகத்தை மட்டும் பார்ப்பவர் அவர் பெயரைத் தாண்டிப் போய்விடுவார்.

ஆனால் 1987-ல் சென்னையில் எம்ஆர்எஃப் பேஸ் பவுண்டேஷன் தொடங்கியபோது, டென்னிஸ் லில்லியோடு சேர்ந்து அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் அவர். லில்லி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து போவார். அன்றாடம் பையன்களோடு நின்றவர்களில் சேகர் ஒருவர். ஜவகல் ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான், முனாஃப் படேல் என்று இந்திய வேகப்பந்து வீச்சின் பெரிய பெயர்கள் பல அந்த வலையில் பழகியவைதான். வேகப்பந்து பழக வந்த ஒரு மும்பைப் பையனை லில்லி, 'நீ பேட்டிங்கைப் பார்' என்று திருப்பி அனுப்பியதும் அங்கேதான். அந்தப் பையன் சச்சின் டெண்டுல்கர்.

ஆக, நல்ல பயிற்சியாளரை அவர் எடுத்த விக்கெட்டை வைத்து அளந்தால் கணக்கு தப்பும்.

அமெரிக்க பேஸ்பாலில் இதே கதை

கிரிக்கெட்டில் பவுலர் போல, பேஸ்பாலில் பிட்சர். ஒரே வித்தியாசம், அங்கே மாங்கா அடிப்பதுதான் சட்டம்! முழங்கையை மடக்கி முழு வேகத்தில் எறியலாம். அதனால் அவர்களுக்கு முழங்கைதான் பெரிய எதிரி. முழங்கைத் தசைநாரைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைக்கே, 1974-ல் அதை முதலில் செய்துகொண்ட பிட்சர் டாமி ஜான் பெயரை வைத்துவிட்டார்கள்.

அங்கே டாம் ஹவுஸ் என்று ஒரு பிட்சர். 1970-களில் எட்டு சீசன் மேஜர் லீக்கில் ஆடியவர், பெரிய நட்சத்திரம் இல்லை. 1974-ல் ஹாங்க் ஆரோன் உலக சாதனையாக அடித்த 715-வது ஹோம் ரன் பந்தைப் பிடித்தவர் என்பதுதான் ஆட்டக்காரராக அவருடைய பெரிய புகழ். பிறகு உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கி, உடல் இயக்கத்தை வீடியோவில் அலசிப் பயிற்சி கொடுப்பவராக மாறினார். நோலன் ரயன் போன்ற ஜாம்பவான்களுக்கே பயிற்சி கொடுத்தார்.

அவருக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2008-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற போட்டி இந்தியாவில் நடந்தது. யார் வேகமாக, துல்லியமாக எறிகிறார்கள் என்று தேடினார்கள். உத்தரப் பிரதேச கிராமங்களைச் சேர்ந்த ஈட்டி எறிதல் வீரர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் தேர்வானார்கள். இருவரும் அதுவரை பேஸ்பால் பந்தைத் தொட்டதில்லை. அமெரிக்கா போனார்கள். பயிற்சி கொடுத்தவர் டாம் ஹவுஸ். சில மாதங்களிலேயே, 2008 நவம்பரில், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அமைப்பு இருவரையும் ஒப்பந்தம் செய்தது. மேஜர் லீக் வரை இருவரும் எட்டவில்லை. தினேஷ் 2010-ல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு சில ஆண்டுகள் ஆடி, கைக் காயங்களோடு போராடி, கடைசியில் மல்யுத்தப் பொழுதுபோக்கு உலகுக்குப் போய்விட்டார். கையில் வேகம் இருந்தும், தாமதமாகத் தொடங்கியதற்கு விலை இருந்தது.

எத்தனை பந்து போடலாம்? அவர்கள் எண்ணுகிறார்கள்

பேஸ்பாலிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய நேரடிப் பாடம் இதுதான். மேஜர் லீக் பேஸ்பாலும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் 2014-ல் 'பிட்ச் ஸ்மார்ட்' என்ற வழிகாட்டுதலைக் கொண்டுவந்தன. 9-10 வயதுப் பையன் ஒரு நாளில் 75 பந்துக்கு மேல் எறியக் கூடாது. 11-12 வயதுக்கு 85. 13 முதல் 16 வயது வரை 95. 14 வயது வரையுள்ளவர் ஒரே நாளில் 66 பந்து தாண்டினால், அடுத்த நாலு நாள் கட்டாய ஓய்வு.

கிரிக்கெட்டிலும் இது புதுசு இல்லை. இங்கிலாந்து வாரியம் நீண்ட காலம் பின்பற்றிய விதிகளில், 13 வயது வரையுள்ள வேகப்பந்து வீச்சாளர் தொடர்ந்து 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர்தான் போடலாம். 14-15 வயதுக்குத் தொடர்ந்து 6, நாளுக்கு 12.

இப்போது நம்ம ஊர் டோர்னமென்ட்டுக்கு வாருங்கள். பொங்கல் சமயம். எட்டு ஓவர் மேட்ச், ஒருவருக்கு 2 ஓவர். அணி ஃபைனல் வரை போனால் ஒரே நாளில் 5 மேட்ச், 10 ஓவர். வைடு, நோ பால் தனி. சனிக்கிழமை ஒரு ஊர், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஊர். நல்லா போடுற பையனை மூணு டீம் கூப்பிடும். "நீ வந்தா போதும்டா, பெட்ரோல் போட்டுக்கலாம்" என்பார்கள். 14 வயதுப் பையன் பெருமையோடு பைக்கில் ஏறிவிடுவான். எண்ணுவதற்கு ஒருத்தர்கூட இருக்க மாட்டார்கள்.

"டென்னிஸ் பால்தானே, லேசானது" என்று தோன்றும். கைக்கு வேண்டுமானால் லேசு. ஆனால் வேகமாக ஓடிவந்து முன்காலை ஊன்றும்போது, உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்தக் கால் வழியாக முதுகுக்கு ஏறுகிறது. பந்தின் எடை அதை மாற்றாது. வளரும் வயது வேகப்பந்து வீச்சாளர்களின் பெரிய பிரச்சினை கீழ்முதுகில் வரும் எலும்பு விரிசல். பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கம் வலி தொடங்குவது இதன் வழக்கமான அறிகுறி. "சுளுக்கு, தைலம் தேய்த்தால் போயிடும்" என்று அதோடு ஆடினால் பல மாதம் படுக்க வேண்டி வரலாம்.

சரி, உங்க வீட்டுப் பையனோ பொண்ணோ நல்லா போட்டா என்ன செய்யலாம்?

சின்னப்பம்பட்டி எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் இல்லை. ஆனால் செலவு அதிகமில்லாத சில வேலைகளை உளுந்தூர்பேட்டையிலிருந்தே தொடங்கலாம்.

ஒன்று, போனை எடுங்கள். பக்கவாட்டில் ஒரு முறை, நேர் பின்னால் ஒரு முறை ஸ்லோமோஷனில் வீடியோ எடுங்கள். முழங்கை மடங்கி நிமிர்வதுபோலத் தெரிந்தால், சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர் ஒருவரிடம் காட்டுங்கள். 13 வயதில் சில மாத வேலை. 23 வயதில் வாழ்க்கைப் பிரச்சினை.

இரண்டு, தோல் பந்தைச் சீக்கிரம் கொடுங்கள். டென்னிஸ் பந்தை விட வேண்டாம். யார்க்கரை அது கற்றுக்கொடுக்கும். கூடவே வாரத்துக்கு இரண்டு நாளாவது, மேட்டிங் விரித்த வலையில் ஸ்டிட்ச் பால். தலைக்கவசமும் பேடும் இல்லாத பேட்ஸ்மேனுக்குப் போட வேண்டாம்.

மூன்று, எண்ணுங்கள். ஒரு நோட்டு போதும். தேதி, எத்தனை பந்து, எங்கே வலி. ஒரே வாரத்தில் திடீரென்று எண்ணிக்கை இரண்டு மடங்கானால் நிறுத்துங்கள். முதுகுவலி ஒரு வாரம் தாண்டினால் தைலத்தை நம்பாமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

நான்கு, பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். வயதுப்பிரிவுத் தேர்வில் திறமையைப் பார்ப்பதற்கு முன்பு காகிதத்தைத்தான் பார்ப்பார்கள். மாவட்ட கிரிக்கெட் சங்கத்தின் தேர்வு அறிவிப்பை விசாரித்து வையுங்கள். மாவட்ட வயதுப்பிரிவு அணிதான் மாநில அணிக்குப் போகும் படி. நடராஜன் ஏறாமல் விட்ட படியும் அதுதான்.

ஐந்து, படிப்பை நிறுத்தாதீர்கள். சென்னை லீக்கில் ஆடும் எல்லாரும் ஐபிஎல் போவதில்லை. காயம் வந்தால் திரும்ப ஓர் இடம் வேண்டும்.

கடைசியாக ஒன்று

நடராஜனின் கதையைச் சொல்லும்போது, "20 வயசுல ஆரம்பிச்சாலும் ஜெயிக்கலாம்" என்று முடிப்பது நம் வழக்கம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 20-ல் ஆரம்பித்து, முழங்கையிலோ முதுகிலோ பணத்திலோ தடுக்கி, ஊருக்குத் திரும்பியவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. அவர்களில் சிலர் இந்த ஞாயிற்றுக்கிழமைகூட நம்ம ஏரிக்கரையில் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

அவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கு. பெரிய மைதானம் கட்ட எல்லாராலும் முடியாது. சென்னையில் ரெண்டு சீசன் லீக் ஆடிவிட்டு இப்போது வேறு வேலை பார்க்கும் ஓர் அண்ணன், சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் பையன்களுக்குக் கையைத் திருத்திக் கொடுத்தால், பந்தை எண்ணச் சொல்லிக் கொடுத்தால், அதுவும் ஓர் அகாடமிதான். ஜெயப்பிரகாஷ் ஆரம்பித்தது அப்படித்தான். இந்திய ஜெர்சி போடாதவர் அவர். ஆனால் அவர் இல்லாமல் அந்த ஜெர்சி சின்னப்பம்பட்டிக்கு வந்திருக்காது.